எழுத்துச் சரம் தொடுப்போம்!

‘விகடகவி’ என்னும் சொல்லை இடமிருந்து வலமாகப் படியுங்கள். பிறகு வலமிருந்து இடமாகப் படியுங்கள். எப்படிப் படித்தாலும் விகடகவிதான். தெனாலிராமன் கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. பூமாலையை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருப்பதால், இவ்வகை அமைப்புக்கு நம் புலவர்கள் ‘மாலைமாற்று’ என்று பெயர் வைத்தார்கள். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார்.

இதே வினாவை ஒரு கணிப்பொறியிடம் கேட்டால் என்ன சொல்லும்? பைத்தான் என்னும் நிரல்மொழியில் இப்படிக் கேட்க வேண்டும்:

சொல் = "விகடகவி"
சொல் == சொல்[::-1]

முதல் வரி, விகடகவி என்பதைச் ‘சொல்’ என்ற பெயரில் நினைவில் வைக்கிறது. இரண்டாம் வரி, ‘இந்தச் சொல்லும் இதைத் திருப்பிப் போட்டதும் சமமா?’ என்று கேட்கிறது. ஒரு நொடிகூட ஆகாது; விடை வந்துவிடும். என்ன விடை தெரியுமா? ‘பொய்!’

ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குத் தெரிந்தது, கோடிக்கணக்கான கூட்டல்களை நொடியில் முடிக்கும் பொறிக்குத் தெரியவில்லையே, ஏன்? பொறி பழுதாகிவிடவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. நாம் எதை எழுத்து என்கிறோம், அது எதை எழுத்து என்கிறது என்பதில்தான் சிக்கல். வேடிக்கைச் சொல்லோடு போனால் பரவாயில்லை. மதிப்பெண் பட்டியலில் உங்கள் பெயர் வெட்டுப்படுவதும், பட்டியலில் இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்று பொறி சொல்வதும் இதே காரணத்தால்தான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

சரம் என்றால் என்ன?

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித, கணிப்பொறி ஆய்வுநிலையத்தில் பணிபுரிந்தபோது, 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைப் பொழுதில் இதைத் தொடங்கினார், 1991இல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த மான்டி பைத்தான் குழுவினரின் நகைச்சுவைத் தொடரிலிருந்து எடுத்த பெயர் இது. இம்மொழியின் ஆணைச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. இக்கட்டுரையில் அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன். ஆனால் மாறிகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். மேலே ‘சொல்’ என்று எழுதியது கதைக்காக அல்ல. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பைத்தான் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

கணிப்பொறியில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்தால் அதற்குச் சரம் என்று பெயர். பூச்சரத்தைப் போலவே இதையும் வேண்டிய இடத்தில் நறுக்கலாம். இரண்டு சரங்களை முடிச்சுப் போட்டு இணைக்கலாம். "கம" + "கம" என்று எழுதினால் "கமகம" கிடைக்கும். "கம" * 2 என்றாலும் அதே "கமகம"தான். இரட்டைக்கிளவியைப் பெருக்கற்குறியால் ஆக்க முடிகிறது, பார்த்தீர்களா!

நறுக்குவதற்குச் சதுர அடைப்பு. "கமகம"[1:3] என்றால் "மக" கிடைக்கும். முதல் எழுத்தின் எண் 1 அல்லவா, ‘கம’ அல்லவா வரவேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் பெட்டியிலிருக்கும் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அது 0இல் தொடங்குகிறது. நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் 0, 1, 2, 3, 4 என ஐந்து கோடுகள் உள்ளன. ஒவ்வொரு சென்டிமீட்டரும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சரத்தின் எழுத்துகளும் அப்படியே. 1ஆம் கோட்டிலிருந்து 3ஆம் கோடு வரை உள்ளதை வெட்டினால் கிடைக்கும் நீளம் 3 − 1 = 2 எழுத்துகள். [:2] என்று ஒரு துண்டும் [2:] என்று ஒரு துண்டும் எடுத்தால், இரண்டும் மேற்படியாமலும் இடைவெளி விடாமலும் பொருந்தும். இந்த அளவுகோல் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், நறுக்குவதில் ஒருபோதும் தடுமாற மாட்டீர்கள். [::-1] என்பது முழுச் சரத்தையும் பின்னோக்கி ஒவ்வோர் அடியாக எடுத்துக் கோப்பது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சரம் ஒருமுறை உருவானால் கல்வெட்டுத்தான். நடுவில் ஓர் எழுத்தை மட்டும் அழித்து வேறு எழுத முயன்றால் பைத்தான் பிழை காட்டி நிறுத்திவிடும். மாற்றம் வேண்டுமானால் புதிய சரம் செய்துகொள்ள வேண்டும்.

மொழிக்கு மொழி வழக்கு வேறு

நாம் ‘விளக்கை ஏற்று’ என்கிறோம், ‘விசிறியைப் போடு’ என்கிறோம். விசிறியை ஏற்று என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தமிழ் அவருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். நிரல்மொழிகளுக்கும் இத்தகைய வழக்கு உண்டு. வேறு மொழியில் பழகியவர் பைத்தானுக்கு வந்தால், சரத்தின் எழுத்துகளை 0, 1, 2 என்று எண்ணிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கைவேலையாகவே எல்லாவற்றையும் செய்வார். பைத்தானிலேயே வளர்ந்தவர் அப்படிச் செய்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நம் ஆய்வுக்கூடத்தில் தனிஊசல் சோதனை நடக்கிறது. 20 அலைவுகளுக்கான நேரத்தை ஒரு மாணவி இப்படித் தட்டெழுதித் தருகிறாள்: "28.4, 28.6,28.3 , 28.5". சில இடங்களில் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இருக்கிறது, சில இடங்களில் இல்லை. கைவேலைக்காரர் இதற்கு இருபது வரி நிரல் எழுதுவார். வழக்கு அறிந்தவரோ ‘ஸ்பிளிட்’ என்ற ஆணையிடம் காற்புள்ளியைக் கொடுத்துவிடுவார். சரம் நான்கு துண்டுகளாகிவிடும். அவற்றை எண்ணாக மாற்றும் ‘ஃப்ளோட்’, ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தைத் தானே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சராசரி 28.45 நொடி, ஓர் அலைவுக்கு 1.4225 நொடி. வேலை முடிந்தது.

ஸ்பிளிட்டுக்கு ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது நடக்கும். வெற்றிடம் ஒன்றிருந்தாலும் ஐந்திருந்தாலும் அதை ஒரே பிரிவாகக் கருதிச் சொற்களை மட்டும் எடுத்துத் தரும். ‘ஒரே ஓர் இடைவெளியில் பிரி’ என்று நாமே குறிப்பிட்டால், அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு நடுவே ஒன்றுமில்லாத வெற்றுச் சரங்களும் துண்டுகளாக வந்து சேரும். பேசாமல் இருப்பதே பயன் தரும் இடம் இது!

பிரிப்பதற்கு எதிர்வேலை இணைப்பது. இதில்தான் நம் கணித அறிவு உதவுகிறது. ஒவ்வோர் எழுத்தாக + குறியால் ஒட்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். சரம் கல்வெட்டு என்றேன் அல்லவா? ஆகவே ஒவ்வொரு முறையும் இதுவரை சேர்ந்ததையெல்லாம் புதிய கல்லில் படியெடுக்க வேண்டும். முதலில் 1, பிறகு 2, பிறகு 3... 10,000 எழுத்துகள் சேர்வதற்குள் 1 + 2 + 3 + ... + 10,000, அதாவது 5,00,05,000 முறை படியெடுத்திருக்கும்! ஐந்து கோடி! எழுத்துகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, இறுதியில் ‘ஜாயின்’ என்ற ஆணையால் ஒரே தடவையில் கோத்தால் 10,000 படியெடுப்போடு முடிந்துவிடும். சில வேளைகளில் பைத்தானே உள்ளுக்குள் சாமர்த்தியம் செய்து அந்த வீண்வேலையைக் குறைத்துவிடுவதுண்டு. ஆனால் அதை நம்பி நிரல் எழுதுவது, நடத்துநர் பார்க்க மாட்டார் என்று நம்பிப் பயணச்சீட்டு வாங்காமல் ஏறுவதைப் போன்றது.

திருமாறன் எங்கே போனான்?

சரத்தின் ஓரங்களில் உள்ள வேண்டாதவற்றைச் சீவி எறிய ‘ஸ்டிரிப்’ என்றோர் ஆணை உண்டு. இடப்பக்கம் மட்டும் சீவ ‘எல்ஸ்டிரிப்’. பலர் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் விளையும் தீங்கு சிறிதல்ல.

ஒரு பெயர்ப் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் முன்னால் "திரு." என்று இருக்கிறது. அதை நீக்க வேண்டும். எல்ஸ்டிரிப்பிடம் "திரு." என்று கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். "திரு.கண்ணன்" சரியாகக் "கண்ணன்" ஆகிறது. மகிழ்ச்சி. அடுத்து "திரு.திருமாறன்" வருகிறார். அவர் வெறும் "மாறன்" ஆகிவிடுகிறார்! "திரு.ரவி"யோ "வி" என்று ஆகிவிடுகிறார்.

காரணம் என்ன? எல்ஸ்டிரிப் நாம் கொடுத்ததை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. எழுத்துகளின் கூட்டமாகப் பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் உள்ள எது முனையில் நின்றாலும் சீவிக்கொண்டே போகிறது. கூட்டத்தில் இல்லாத ஒன்று வந்தால்தான் நிற்கிறது. முன்சொல்லை முன்சொல்லாகவே நீக்க வேண்டுமானால் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ என்ற ஆணை இருக்கிறது. 2020 அக்டோபரில் வெளிவந்த 3.9ஆம் பதிப்பில்தான் அது சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் திருமாறன் முழுமையாக வந்து நிற்பார்.

இந்த வகைப் பிழையில் ஓர் ஆபத்து உண்டு. முதல் நாற்பது பெயரும் சரியாக வந்து, நாற்பத்தோராவது பெயர் மட்டும் சிதையும். யார் கவனிப்பார்கள்? திருமாறன்தான் கவனிப்பார், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.

பதினைந்தா, ஐந்தா, மூன்றா?

இனி விகடகவிக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சிறு கணக்கு. ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என்று மூன்று. பைத்தானில் நீளம் சொல்லும் ஆணை ‘லென்’. அதனிடம் கேட்டால் 5 என்கிறது! பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பில் இதே கேள்விக்கு 15 என்றுகூட விடை வந்திருக்கும். (அந்தப் பதிப்பின் பராமரிப்பு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது.)

மூன்று விடைகளுமே சரி என்றால் வியப்பாக இருக்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுக்கும் ஏற்பாட்டிற்கு யூனிகோடு என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘தமிழ்’ என்பது அதில் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகிறது. அதாவது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கொக்கிக்குத் தனி எண். புள்ளிக்குத் தனி எண். ஆகவே 5. இந்த ஐந்தையும் யு.டி.எஃப்-8 என்ற முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ் எண்ணும் 3 பைட் இடம் பிடிக்கும். ஆகவே 15. பழைய பைத்தான் பைட்டுகளை எண்ணியது. இன்றைய பைத்தான் யூனிகோடு எண்களை எண்ணுகிறது. நீங்களும் நானும் எழுத்துகளை எண்ணுகிறோம்.

உங்கள் தமிழாசிரியர் இதை ஒப்ப மாட்டார். க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்தால் க என்னும் உயிர்மெய் பிறக்கிறது என்பது இலக்கணம். யூனிகோடு இதைத் தலைகீழாக்கிவிட்டது: க தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி சேர்ந்தால் க். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்ற குறியீட்டு முறையைப் பின்பற்றியதால் வந்தது இது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ‘டேஸ்’ என்ற 16 பிட் முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் உலகெங்கும் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் பரவியிருப்பது யூனிகோடுதான். என்னைக் கேட்டால், இலக்கணத்துக்கு இசைந்த முறையே அழகு; ஆனால் பழகிவிட்ட பாதையை இனி மாற்றுவது கடினம். இருக்கும் முறையைப் புரிந்துகொண்டு நிரல் எழுதுவதே நம் கையில் உள்ளது.

இப்போது விகடகவியைப் பொறியின் கண்ணால் பாருங்கள்: வ, கொக்கி, க, ட, க, வ, கொக்கி. ஏழு. திருப்பிப் போட்டால்: கொக்கி, வ, க, ட, க, கொக்கி, வ. வ மீது இருந்த கொக்கி இப்போது க மீது போய் மாட்டிக்கொண்டது. இன்னொரு கொக்கி பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் முன்னால் தொங்குகிறது. இரண்டும் சமமல்ல. பொறி ‘பொய்’ என்றதில் பொய்யில்லை!

இதையே பெயர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். தந்தை பெயர் கோபால். தலைப்பெழுத்து வேண்டும் என்று "கோபால்"[0] என எழுதினால் "க" தான் கிடைக்கும். ‘கோ.’ என்பது ‘க.’ ஆகிவிடும்; தந்தை மாறிவிடுவார். பத்து எழுத்துக்குமேல் இடமில்லாத ஒரு படிவத்தில் ‘செந்தமிழ்ச்செல்வன்’ என்று நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் சரியாகப் பத்து எழுத்து. பொறியின் கணக்கிலோ பதினெட்டு. பெயர்[:10] என்று வெட்டினால் மிஞ்சுவது ‘செந்தமிழ்ச’.

வழி என்ன? மிக எளிது. சரத்தை முன்னிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வருவது கொக்கி, கால், கொம்பு முதலிய 11 உயிர்க்குறிகளில் ஒன்றாகவோ புள்ளியாகவோ இருந்தால், அதற்கு முன் வந்த எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்குங்கள். எது குறி, எது எழுத்து என்று சொல்ல பைத்தானோடு வரும் ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுப்பு இருக்கிறது. ஐந்தாறு வரிகளில் நிரல் முடிந்துவிடும். விகடகவி இப்போது வி, க, ட, க, வி என்ற ஐந்து உறுப்புள்ள பட்டியலாகிவிட்டது. எழுத்துகள் == எழுத்துகள்[::-1] என்று கேளுங்கள். ‘மெய்’ என்று விடை வரும். எழுதச் சோம்பலாக இருந்தால், ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவச நிரல்தொகுப்பில் இந்த வேலை ஆயத்தமாகவே இருக்கிறது.

காணாமற்போன கோமதி

பட்டியலில் கோமதி இருக்கிறாள். திரையில் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறாள். தேடினால் ‘இல்லை’ என்கிறது பொறி. இது எப்படி?

ஓகாரக் குறிக்கு 3019 என்று ஒரே எண் உண்டு. ஆனால் இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘கோ’ தெரியும். ஒரு விசைப்பலகை முதல் வகையில் எழுதும். வேறொன்று இரண்டாம் வகையில் எழுதலாம். முதல் கோமதியின் நீளம் 5. இரண்டாம் கோமதியின் நீளம் 6. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. அதே யூனிகோட்டேட்டாவில் உள்ள ‘நார்மலைஸ்’ என்ற ஆணையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிட்டால் கோமதி கிடைத்துவிடுவாள். வெளியிலிருந்து வரும் எந்தத் தமிழ்ச் சரத்தையும் முதலில் இப்படிச் சமப்படுத்திக்கொள்வது நல்ல பழக்கம். சோதனைக்கு முன் அளவியின் சுழிப்பிழையைப் பார்ப்பது போல.

ஆனால் ஔவையாருக்கு இந்த மருந்து பலிக்காது. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில், ஒ என்ற எழுத்தையும் ள என்ற எழுத்தையும் அருகருகே தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அச்சில் வேறுபாடு தெரியாது. யூனிகோட்டைப் பொறுத்தவரை அது வேறு சொல்லேதான். சமப்படுத்தும் ஆணை அதைத் தொடாது. தட்டுகிறவர்தான் திருந்த வேண்டும், அல்லது நாமே அந்தச் சொல்லைத் தேடி மாற்ற வேண்டும்.

வரிசைப்படுத்துவதிலும் எச்சரிக்கை தேவை. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வருகிறது. ஆகவே அகராதியில் பவளம் முதலில், பழம் பிறகு. யூனிகோட்டிலோ ழ 2996, வ 2997. பைத்தானின் ‘சார்ட்டட்’ என்ற ஆணை எண்களைத்தான் பார்க்கும். பழத்தைப் பவளத்துக்கு முன்னால் வைத்துவிடும்.

வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள் தாளிலேயே செய்து பார்க்க இதோ மூன்று வினாக்கள். ‘தேருவருதே’, ‘திகதி’ இரண்டும் மாலைமாற்றுகள்தானா? அவற்றைச் சமப்படுத்திய வடிவில் பொறி எத்தனை எத்தனை என்று எண்ணும்? "தமிழ்"[::-1] என்று எழுதினால் எந்தக் குறி எந்த எழுத்தின்மேல் போய் உட்காரும்? மூன்றாவது வினா சற்றுக் கடினம்: மேலே சொன்ன ஒட்டும் முறை ‘பக்ஷி’ என்ற சொல்லை எத்தனை எழுத்தாகப் பிரிக்கும், உங்கள் பாட்டி எத்தனை என்பார்?